பிறவி ஓட்டக்காரி தோற்ற வருஷம்

உடற்கல்வி ஆசிரியராகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் அவ்வப்போது எனக்குப் போன் செய்கிறீர்கள். ஓய்வு பெற்றவளை மறக்காமல் கூப்பிடுவது சந்தோஷம்தான். ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. எங்கள் பள்ளியில் ஒரு பெண் இருக்கிறாள், பிறவியிலேயே அவளுக்கு ஓட்டம் இருக்கிறது என்று ஆரம்பிப்பீர்கள். இல்லாவிட்டால், பாவம், நன்றாக உழைக்கிறாள், ஆனால் உள்ளே சரக்கு இல்லை என்பீர்கள். ஏதோ சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. இரண்டையும் கேட்டால் எனக்குக் காது கூசுகிறது.

அதனால் பாக்கியாவின் கதையை எழுதிவிடுகிறேன். இனி யாராவது 'பிறவி' என்று ஆரம்பித்தால், இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிடலாம் பாருங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பாலக்கோட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில். மைதானம் என்று பெயர். பாதி இடத்தில் நெருஞ்சி முள், மீதி இடத்தில் சரளைக் கல். சுண்ணாம்புப் பொடி வாங்கி நானே கோடு போடுவேன். மறுநாள் காற்று அதைப் பக்கத்துத் தக்காளித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்த மைதானத்தில்தான் எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூவாயிரம் மீட்டர் ஓட்டக்காரிகள் கிடைத்தார்கள்.

ஒருத்தி ஷபானா. தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து காலையும் மாலையும் தவறாமல் மைதானத்துக்கு வருகிறவள். மழை வந்தால் வராந்தாவில் நின்ற இடத்திலேயே ஓடுவாள். சொன்னதைச் செய்வாள். சொல்லாமல் விட்டதையும் கேட்டு வாங்கிச் செய்வாள்.

இன்னொருத்தி பாக்கியா. கரட்டுக்கு அந்தப் பக்கம், வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிற ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கரடு என்றால் எங்கள் பக்கத்தில் பாறையும் முள்ளுமாக நிற்கிற குன்று. பயிற்சிக்குக் கூப்பிட்டால் வீட்டில் வேலை இருக்கிறது என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். காலையில் பிரார்த்தனை மணி அடிக்கும்போதுதான் வியர்வையோடு கேட்டுக்குள் நுழைவாள். போட்டி அன்றைக்கு மட்டும் வந்து, வெறுங்காலோடு கோட்டில் நின்று, ஷபானாவை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டுப் போவாள். எப்படி ஓடினாய் என்று கேட்டால் சிரிப்பாள். அவ்வளவுதான் அவளிடமிருந்து கிடைக்கும் தொழில்நுட்ப விளக்கம்.

பிறகென்ன, பள்ளியில் ஒருத்திக்குப் 'பிறவி ஓட்டக்காரி' என்றும் இன்னொருத்திக்கு 'உழைப்பாளி' என்றும் பெயர் விழுந்துவிட்டது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றார் தலைமையாசிரியர். ஆடு மேய்த்த கால் அப்படித்தான் ஓடும் என்றார் ஓர் ஆசிரியர். அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது, மாடுதான். அது போகட்டும், ஆடு மேய்த்தால் ஓட்டம் வரும் என்றால் நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஓர் ஒலிம்பிக் அல்லவா நடத்த வேண்டியிருக்கும்.

பாக்கியாவின் அப்பா மாதப்பனுக்கு வேறொரு கணக்கு. மகளின் ஓட்டம் குலசாமி கொடுத்தது. அதனால் அவள் வாங்கி வரும் ஒவ்வொரு பதக்கத்தையும் கரட்டின் மேல் இருக்கிற அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், சூலத்தில் கட்டிவிட்டு வருவார். அவர்கள் வீட்டில் ஒரு பதக்கம்கூட இருக்காது. ஓடுகிற வரைக்கும் பெண் படிக்கட்டும், சாமி எதற்கோ கொடுத்திருக்கிறது என்று அவரே சொல்வார். அந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் பெரும்பாலும் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார்கள். விடியும்போதே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை, அதனால் எழுந்து நின்ற குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆனால் பாக்கியாவுக்குக் கல்லூரிக்குப் போக ஆசை. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் விடுதியோடு படிக்கலாம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அப்பா சொன்ன அந்த 'ஓடுகிற வரைக்கும்' என்ற ஒரு வார்த்தையில்தான் அவளுடைய படிப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த வருஷம், ஆடி மாதக் காற்றில், மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கிற குறுவட்டப் போட்டி நடந்தது. பாதி ஓட்டம் வரை பாக்கியா முன்னால் போனாள். அதற்கப்புறம் அவளுடைய கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. யாரோ பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஓடினாள். ஷபானா அவளைத் தாண்டிப் போனபோது திரும்பிப் பார்த்தாள், அவளாலேயே நம்ப முடியவில்லை. முதலிடம் ஷபானாவுக்கு. பாக்கியா எப்படியோ இரண்டாவதாக வந்து, கோட்டைத் தாண்டி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பொருள் தொலைந்துபோனால் எங்கே தேடுவது என்று தெரியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஆளாளுக்கு மருத்துவர் ஆனார்கள். வயசுப் பெண், உடம்பு கனத்துவிட்டது என்றார் ஒருவர். கண் பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். தலைமையாசிரியர் ஒரு படி மேலே போய், பிரார்த்தனைக் கூட்டத்தில் முயலும் ஆமையும் கதையைச் சொல்லி, உழைப்பே உயர்வு தரும் என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் ஷபானா நேரே என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"முதல்ல வந்தவள ஆமைன்னு சொல்லிட்டாங்க மிஸ்" என்றாள். "நீங்களும் நேத்துல இருந்து அவ ஏன் தோத்தான்னுதான் பேசிக்கிட்டு இருக்கீங்க. நான் எப்படி ஜெயிச்சேன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

இதை நீங்கள் எழுதி வைத்துக்கொண்டாலும் தவறில்லை. நம் தொழிலில் தோற்ற திறமைசாலி மேல் எல்லோருக்கும் கண் இருக்கும், ஜெயித்த உழைப்பாளி கண்ணிலேயே படமாட்டாள். நான் அவளை உட்கார வைத்து எப்படி ஜெயித்தாய் என்று கேட்டேன். நாலாவது சுற்றில் எதிர்க்காற்றில் பாக்கியாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டதையும், காற்று முதுகுக்கு வந்தபோது வேகத்தைக் கூட்டியதையும் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அது மட்டுமில்லை, ஓடி முடித்துச் சிறிது நேரத்திலேயே அவளுடைய மூச்சு சாதாரணமாகிவிடும், மற்றப் பிள்ளைகள் அப்போதுதான் படுத்துப் புரண்டுகொண்டிருப்பார்கள். அந்த உடம்பும் கடையில் வாங்கியதில்லை. உழைப்பாளி, உழைப்பாளி என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு இயற்கை கொடுத்ததை யாரும் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

சரி, பாக்கியாவுக்கு வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்தம் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை என்றார்கள். தூக்கம், சாப்பாடு, மாத நாட்கள் எல்லாம் விசாரித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் உண்டு. பேரைப் போட்டால் திட்டுவார், அதனால் போடவில்லை. அவரிடம் போனில் சொன்னேன். பிறவித் திறமை என்றால் அப்படித்தான், ஒரு வயதில் ஊற்று வற்றிவிடும், விட்டுத் தள்ளு, அந்த முஸ்லிம் பெண்ணைப் பிடித்துக்கொள் என்றார். அவர் சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை. அன்றைக்கும் மறுக்கவில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை.

மாவட்டப் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. இதற்கிடையில் பாக்கியா ஒருநாள் வந்து, பரீட்சை முடிந்ததும் சேர அப்பா கம்பெனியில் பெயர் கொடுக்கப் போகிறார் மிஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் போல் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நானே அவர்கள் ஊருக்குக் கிளம்பினேன்.

பஸ் பிரிவு ரோட்டில் இறக்கிவிட்டது. தார் ரோடு கரட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. புல் சுமந்து வந்த ஒரு அம்மா, கரட்டு வழியாகப் போனால் கிட்டே என்று கை காட்டினார். கிட்டேதான், அவருக்கு. முதலில் காய்ந்துபோன ஓடை. மணலில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது, எடுக்க ஒரு தனிப் பலம் வேண்டும். ஓடை முடிந்ததும் ஏற்றம். ஏற்றம் என்றால் சும்மா இல்லை, இரண்டு இடத்தில் கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஓய்வுக்கு நெருங்கிய வயதில் என் முழங்கால் என்னென்ன பேசியது என்பதை இங்கே எழுத முடியாது. ஒருவழியாக மேலே ஏறிக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சூலத்தில் கட்டியிருந்த பதக்கங்கள் காற்றில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

மூச்சு அடங்கட்டும் என்று கீழே பார்த்தேன். தார் ரோட்டில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அரசாங்கம் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிற சைக்கிள், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பாக்கியா ஓட்டி வந்தாள், பின்னால் கேரியரில் அவளுடைய தங்கை. இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் காலை அகட்டி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

எனக்கு எழுந்து நிற்கத் தோன்றவில்லை. போன வருஷக் கடைசியில் சைக்கிள் கைக்கு வருகிறவரை, இந்தப் பெண் எந்த வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்? காலையில் மாட்டு வேலையை முடித்து, மணி அடித்துவிடுமே என்ற பயத்தில், இந்த மணலிலும் இந்த ஏற்றத்திலும்தானே ஓடி வந்தாள்? மாலையில் இதே வழியாகத்தானே திரும்பினாள்? பயிற்சிக்கே வராத பெண் என்று நாங்கள் சொன்னவள், பள்ளியில் இருந்த எல்லோரையும் விட அதிகமாகப் பயிற்சி செய்துவிட்டுத்தான் தினமும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு யாரும் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அந்தப் பாறையில் உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, ஏனென்றால் ஊற்று வற்றவில்லை, வழிதான் மாறியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவளுடைய அம்மா, "ஊட்டா ஆய்த்தா டீச்சர்?" என்று, சாப்பிட்டாச்சா என்பதைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். மாதப்பன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். அதனாலேயே அவரோடு வாதாடுவது கஷ்டம்.

"சாமி குடுத்துச்சுங்க, சாமியே வாங்கிக்கிச்சு. நம்ம கையில என்னங்க டீச்சர் இருக்குது?" என்றார்.

நான் பாக்கியாவைக் கூப்பிட்டு, கரட்டு வழியாக வருவதை எப்போது நிறுத்தினாய் என்று கேட்டேன். சைக்கிள் கொடுத்த நாளிலிருந்து என்றாள். அப்புறம் ஒருநாளாவது அந்த வழியில் ஓடினாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தலையாட்டும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. சுவரோரம் சாத்தியிருந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இத திருப்பிக் குடுத்துடணுமா மிஸ்?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாதப்பன் அன்றைக்கே ஒரு வாக்குக் கொடுத்தார். மாவட்டப் போட்டிக்குத் தானே வந்து பார்ப்பதாகவும், சாமி இன்னும் அவள் கூடவே இருக்கிறது என்று தெரிந்தால் மேலே படிக்கட்டும் என்றும், இல்லாவிட்டால் கம்பெனிக்குத்தான் என்றும் சொன்னார்.

திரும்பி வந்து பெரியவருக்குப் போன் செய்தேன். நடந்ததைக் கேட்டதும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சைக்கிளைப் பிடுங்கு என்றார். பசித்தவன்தான் ஓடுவான், வயிறு நிறைந்தால் எவன் ஓடுவான் என்றார். அவர் வாயால் அதை எத்தனையோ முறை கேட்டு நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கை கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஐயா, அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று வந்த முதல் வண்டி அது, அதைப் பிடுங்கித்தான் ஓட வைக்க வேண்டும் என்றால் அந்த ஓட்டமே எனக்கு வேண்டாம் என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

ஆனால் அவர், "சரிம்மா. இத்தன நாள் மணிக்குப் பயந்து ஓடுனா. இனிமே எதுக்காக ஓடுவா? அத யோசிச்சியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவரை இன்றைக்கும் குரு என்கிறேன். தப்பான வைத்தியம் சொன்னாலும் சரியான இடத்தில் கை வைத்துவிடுவார். அந்தக் கேள்வியை நான் பதில் சொல்லாமல் அப்படியே பாக்கியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சைக்கிள் உன்னுடையது, யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் உன் கால் எங்கே தயாரானது என்று இப்போது உனக்குத் தெரியும், என்ன செய்யலாம் என்று நீயே சொல் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்து சொன்னாள். சைக்கிளைத் தங்கை ஓட்டி வருவாள், பையையும் அவளே எடுத்து வருவாள். தான் கரட்டு வழியாக ஓடி வந்து பிரிவு ரோட்டில் அவளைப் பிடிக்க வேண்டும். தங்கைக்கு முழு சைக்கிளும் தனக்கே கிடைத்த குஷி. எனக்கு இதைவிட நல்ல பயிற்சித் திட்டம் போட வந்திருக்காது. நான் செய்ததெல்லாம் அதில் கொஞ்சம் ஒழுங்கு சேர்த்ததுதான்: எந்த நாள் அடித்து ஓடுவது, எந்த நாள் நிதானமாக வருவது, எந்த நாள் பேசாமல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து வருவது. இத்தனை மாதம் ஓடாமல் இருந்துவிட்டுப் பழையபடி பயத்தில் தினமும் ஓடியிருந்தால் இருந்த கொஞ்ச வாரத்தில் கால் உடைந்திருக்கும். அவசரம் நமக்கு இருக்கலாம், எலும்புக்கு அது தெரியாது.

விஷயம் தெரிந்ததும் ஷபானா என்ன சொல்வாளோ என்று எனக்குள் ஒரு கலக்கம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை முதலில் வந்தவள். அவள் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் அந்தக் கரட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். சைக்கிளால் தோற்றவளை ஜெயித்தாய் என்று நாளைக்கு யாரும் தன்னிடம் சொல்லக் கூடாது, அவள் நன்றாக ஓடுகிறபோது ஜெயிக்க வேண்டும் என்றாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத போட்டி மனசு அது. நல்ல பகைக்கு நல்ல நட்பு தோற்றுவிடும்.

முதல் ஞாயிறு ஓடை மணலிலேயே ஷபானா நின்றுவிட்டாள். எந்தக் கல்லில் காலை வைக்க வேண்டும், எங்கே சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும் என்று பாக்கியா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்கிறபோதுதான் தன் கால் செய்கிற வேலை அவளுக்கே தெரிய வந்தது. பதிலுக்கு ஷபானா மைதானத்தில் அவளுக்குச் சுற்றுகளைப் பிரித்துக் காட்டினாள்: இங்கே பொறுத்துக்கொள், இங்கே காற்றுக்கு ஒதுங்கு, இங்கே விட்டுவிடு. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

மாவட்டப் போட்டி தர்மபுரியில். மாதப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே வந்து வேலியோரம் நின்றுவிட்டார். கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறவருக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்வதாக ஏற்பாடு. அவர் கையில் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், பாக்கியாவும் பார்த்தாள்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அம்பு மாதிரி கிளம்பிப் போனாள். பழைய பாக்கியாவாக இருந்தால் அவளைத் துரத்தியிருப்பாள். இப்போது துரத்தவில்லை, ஷபானாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாள். முன்னால் போனவளுக்கும் இவர்களுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. வேலியோரம் மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பாதி ஓட்டத்தில் என்னைத் தாண்டும்போது பாக்கியா திரும்பி என்னைப் பார்த்தாள். போகட்டுமா, பொறுக்கட்டுமா என்று கேட்கிற பார்வை. பிடி, விடாதே என்று கத்தினால் ஓடியிருப்பாள். ஆனால் அந்த முடிவு என்னுடையதாகிவிடும். இந்த ஓட்டத்துக்கு மறுபடி இன்னொரு சொந்தக்காரர் வேண்டாம் என்று தோன்றியது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அவளுடைய கல்லூரி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வாயைத் திறக்கக் கூடாது. என் வேலை நாட்களிலேயே நீளமான சுற்று அதுதான்.

அவள் பொறுத்தாள். இன்னும் இரண்டு சுற்று அப்படியே போனாள். பிறகு, காற்று முதுகுக்குத் திரும்புகிற வளைவில், யாரும் சொல்லாமல் கிளம்பினாள். அரூர்ப் பெண் களைத்துப் போயிருந்தாள், அவளைத் தாண்டுவது கஷ்டமாக இல்லை. கடைசிச் சுற்றில் ஷபானாவும் பாக்கியாவும் தோளோடு தோள். ஒருத்தி முன்னால் போவதும் இன்னொருத்தி பிடிப்பதுமாக வந்தார்கள். மற்றப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். கோட்டில் ஷபானாவின் நெஞ்சு ஒரு கை அளவு முன்னால் இருந்தது. ஷபானா முதல், பாக்கியா இரண்டாவது. இரண்டு பேரும் புல்லில் விழுந்து, ஒருத்தி காலை ஒருத்தி உதைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

திறமையா பயிற்சியா என்று கேட்கிறீர்களே, அந்தப் புல்லில் கிடந்த இருவரில் யார் எது என்று உங்களால் பிரித்துக் காட்ட முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள். ஒரு பிள்ளை பறக்கிறது என்றால், அது எந்த வழியாக வீட்டுக்குப் போகிறது என்று முதலில் நடந்து பாருங்கள். ஒரு பிள்ளை வெறும் உழைப்பாளி என்று தோன்றினால், எப்படி ஜெயித்தாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மாதப்பன் வேலியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தார். மகள் எழுந்து நின்றாள், சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"ரெண்டாவதா வந்திருக்குது. இப்ப சாமி கூட இருக்குதுன்னு அர்த்தமா, இல்லேன்னு அர்த்தமா டீச்சர்?"

நான் வாயெடுப்பதற்குள் பாக்கியா முந்திக்கொண்டாள்.

"சைக்கிள்ல ஏறுனேன், போச்சு. எறங்கி ஓடுனேன், வந்துச்சு. இதுல சாமி எங்கப்பா வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற நானே ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். மாதப்பன் கோபப்படவில்லை. அவளுடைய புழுதி படிந்த காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஏதோ பெரிய கணக்கை மனசுக்குள் திருப்பிப் போடுகிறவர் மாதிரி நின்றார்.

"அப்ப இது சாமியோடது இல்ல?" என்றார்.

"இல்லப்பா. என்னுது."

அவர் கையிலிருந்த போனை மடித்த வேட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உன்னுதுன்னா, அத எங்க கொண்டுபோவணும்னு நீதான சொல்லணும்" என்றார்.

"காலேஜுக்குப்பா" என்றாள் பாக்கியா.